நான்காவது உறை

கடிதம் வியாழக்கிழமை வந்தது.
"அவசரம்" மட்டும் சிவப்பில்.
மற்றதெல்லாம் சாம்பல் எழுத்தில், தாழ்ந்த குரலில்:
ஒருவருக்குப் பயன்படுத்தி, கழுவி, சோதித்து,
மறுபடி உறையிட்டு அனுப்பிய கதீட்டர்களில்
ஒரு தொகுதிக்கு மட்டும்
உறையின் ஓரம் ஒட்டாமல் விட்டிருக்கலாம்.

விட்டிருக்கலாம்.
இருபத்திரண்டு வருடமாக இந்தச் சரக்கறையில்
நான் எண்ணுகிறவள்.
பஞ்சு, நூல், ஊசி, பலூன், ஸ்டென்ட்.
எண்ணிக்கையில் "லாம்" கிடையாது.

டுலூத்தில் அன்றைக்கு மைனஸ் இருபத்தாறு.
துறைமுகம் உறைந்து
தாதுக் கப்பல்கள் அசையாமல் நின்றன.
மூன்றாம் அலமாரி, கீழ்வரிசை, நீலத் தட்டு.
கடைசி நான்கு இலக்கங்களை
வாய்க்குள் மென்றபடி தேடினேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு வந்ததாக என் கையெழுத்தே சொல்கிறது.

மூன்றையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
கொடியின் நுனிபோலச் சுருண்ட கம்பி,
அதில் எள்ளளவு எள்ளளவாய் உலோக வளையங்கள்.
தொடையில் நுழைந்து, ரத்தக்குழாய் வழியே ஏறி,
தாளம் தப்பிய இதயத்தின் உட்சுவரில்
எங்கே தப்புகிறது என்று காது வைத்துக் கேட்கும்.
முன்பு வேறொருவரிடம் கேட்டது.
அதற்கும் முன்பு இன்னொருவரிடம்.
பிடியருகே ஒரு சின்னக் குறி மட்டும் சொல்லும்
இது எத்தனையாவது பிறவி என்று.

உறையோரத்தை நகத்தால் தடவினேன்.
ஒட்டித்தான் இருந்தது.
ஒட்டியிருப்பதும்
ஒட்டியதுபோல் இருப்பதும்
என் நகத்துக்கு ஒன்றுதான்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
மறுசுத்திகரித்ததை வாங்கலாமா என்ற கூட்டத்தில்
கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
புதியதன் விலையில் பாதி.
மிச்சப் பணத்தில் இரவுக்கு இன்னொரு நர்ஸ் வந்தாள்,
டெலோரா, நல்ல பெண்.
இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன்,
கொஞ்சம் தாழ்வாக.

நான்காவது உறையை
செவ்வாய்க்கிழமையே கிழித்திருந்தார்கள்.
கேத் லேப் இரண்டு, காலை ஒன்பதே கால்.
ரெய்னோ கோஸ்கெலா, வயது அறுபத்தெட்டு,
தாது ரயிலில் பிரேக் பார்த்தவர்.
"சிக்கலின்றி முடிந்தது."

டாக்டர் வின்டர்ஹால்ட்டர்தான் போனில் பேசினார்.
நான் படிவத்தோடு பக்கத்தில் நின்றேன்.
ஸ்பீக்கரில் காற்று இரைந்தது:
ஏரிமேல் துளை போட்டு
தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றேனே?"
"இன்னும் ஒரு மீனும் கடிக்கவில்லை டாக்டர்,
கனமே இல்லை."

காய்ச்சல்? இல்லை.
தொடையில் வீக்கம், சிவப்பு? இல்லை.
நடுக்கம்?
"இங்கே நடுங்காதவன் எவன்?"

டாக்டர் உறையைப் பற்றிச் சொன்னார்.
ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கவனிப்பு,
ஆபத்து குறைவுதான், ஆனாலும்.

காற்று மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு அவர் கேட்டார்,
பக்கத்துத் துளைக்காரனைப் பற்றி விசாரிப்பதுபோல:
"எனக்கு முன்னால் அது யாருக்குள் இருந்தது?
அந்த ஆள் நலமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
தொகுதி எண், காலாவதித் தேதி, வந்தது,
திருப்பி அனுப்புவது, பயன்படுத்தியது.
கடைசிக் கட்டத்தில் "1" என்று எழுதியிருந்தேன்,
அழகாக, கோட்டில் படாமல்.
அந்த ஒன்றுக்கு முந்தையவர்களுக்குக்
கட்டமே இல்லை.

மாலையில் மூன்று உறைகளையும் பெட்டியில் வைத்து
டேப்பை இரண்டு சுற்று சுற்றி
ஓரத்தை நகத்தால் அழுத்தினேன்.
இன்னொரு முறையும் அழுத்தினேன்.

வெளியே என் கார்க் கதவு
உறைபனியில் ஒட்டிக் கிடந்தது.
வேண்டாத இடத்தில்தான்
எவ்வளவு கெட்டியான ஒட்டு.
தோளால் இடித்தேன்.